அழ இடமில்லாத வீடுகள்

‘மீண்டும் வருக’ என்று பலகை மாட்ட முடியாத தொழில் என்னுடையது. ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுகிறேன். இறந்தவரை எடுக்கும்வரை உடம்பு கெடாமல் வைத்திருக்கும் கண்ணாடி மூடி போட்ட பெட்டி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் அது போகாத தெரு கிடையாது. உங்களில் சிலர் வீட்டுக்கும் நான் வந்திருப்பேன். என் முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அன்றைக்கு நீங்கள் யார் முகத்தையும் பார்க்கிற நிலைமையில் இருந்திருக்க மாட்டீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

என் பேர் ஆரோக்கியம். சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், எல்லோரும் சிரித்தாயிற்று. கூட என் மச்சான் சேவியர், என் மனைவியின் தம்பி. ஒரு மினி லோடு வண்டி. பெட்டி ஒரு ஆளைவிட நீளம், அடியில் கம்ப்ரசர் இருப்பதால் நல்ல கனம். நாலு பேர் தூக்க வேண்டும். எங்கள் இரண்டு பேரோடு இறந்தவர் வீட்டு ஆட்கள் இரண்டு பேர் கை கொடுப்பார்கள்.

ஒரு வீடு நல்ல வீடா என்று பார்க்க இன்ஜினீயர்கள் என்னென்னவோ கருவி வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது ரெண்டே கேள்வி. என் பெட்டி உள்ளே போகுமா? போனால், அதைச் சுற்றி உட்கார்ந்து அழ இடம் இருக்குமா? கல்மண்டபம் பக்கத்தில் ஒரு சர்க்கார் குடியிருப்பு இருந்தது. குடிசைகள் எரிந்துபோன இடத்தில் அந்தக் காலத்தில் கட்டிக் கொடுத்தது. வீடு என்றால் ஒரே அறை, அதில் ஒரு மூலையில் அடுப்பு, கக்கூஸ் வெளியே எல்லோருக்கும் பொது. நான் சொல்லப்போவதெல்லாம் அங்கே இருந்தவர்களைப் பற்றித்தான். ஒழுகும் கூரைக்குக் கீழே பக்கெட் வைத்துப் பழகிய சக கஷ்டக்காரர்களே, உங்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது.

படிக்கட்டுத் திருப்பம்

முதல் முறை அங்கே போனது முனுசாமி என்பவருக்காக. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மூன்றாவது மாடியில் குடியிருந்தார். காலையில் காபி கேட்டிருக்கிறார். அவர் மனைவி கன்னியம்மா போட்டு எடுத்து வருவதற்குள் போய்விட்டார். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் மாடி ஏறினோம். படி திரும்புகிற இடத்தில் பெட்டி திரும்பவில்லை. முன்பக்கம் சுவரில் இடித்தது, பின்பக்கம் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. சாய்த்துப் பார்த்தோம், தூக்கிப் பார்த்தோம். செங்குத்தாக நிறுத்தினால் கம்ப்ரசர் கெட்டுவிடும். சேவியருக்குக் கை முட்டியெல்லாம் சுவரில் உரசித் தோல் போனதுதான் மிச்சம். உடம்பு முடியாதவர்களை எப்படி இறக்குவீர்கள் என்று கேட்டேன். பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்துத்தான் இறக்குவோம் என்றார்கள்.

வெயில் காலம். பம்பாயிலிருந்து மகள் வந்து சேர மறுநாள் ஆகிவிடும். கீழே இறக்க மாட்டேன் என்று கன்னியம்மா வெகுநேரம் பிடிவாதமாக இருந்தார். வேறு வழியில்லை என்று புரிந்ததும் எழுந்துபோய், தன் கல்யாணப் புடவையை எடுத்து வந்து தந்தார். அதை வைத்துத்தான் முனுசாமியைச் சேரோடு சேர்த்துக் கட்டி இறக்கினோம். தண்ணீர்ப் பம்புக்கும் மூடியில்லாத சாக்கடைக்கும் நடுவில் துணிப்பந்தல் போட்டுப் பெட்டியை வைத்தோம். கால்மாட்டில் வந்து உட்கார்ந்த கன்னியம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்: “பிளாட்பாரத்துல பொறந்த மன்சன் நைனா இவரு. சர்க்கார் நமக்கு வூடு குட்த்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சாரு. கடைசில நான் அவர தெருவுலயே படுக்க வச்சிட்டேன்.”

மூன்று மகள்கள்

அடுத்து அதே குடியிருப்பில் தரைத்தளத்து வீடு. படி ஏற வேண்டியதில்லை என்று நிம்மதியாகப் போனேன். மீன்பிடித் துறைமுகத்தில் இறால் உரித்துப் பிழைத்த அம்மாள். பெட்டியை உள்ளே வைக்க வேண்டுமென்றால் வீட்டை வெளியே வைக்க வேண்டியிருந்தது. கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு, தண்ணீர்க் குடங்கள் எல்லாம் நடைபாதைக்கு வந்தன. பெட்டி உள்ளே போன பிறகு அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து உட்காரத்தான் இடம் மீந்தது.

அந்த அம்மாளுக்கு மூன்று மகள்கள். திருவொற்றியூரிலிருந்து ஒருத்தி, எண்ணூரிலிருந்து ஒருத்தி, கடைக்குட்டி தண்டையார்பேட்டை. சாவு வீட்டில் நகைக்காகச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், கொள்ளி யார் வைப்பது என்று அடித்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இவர்கள் சண்டை போடவில்லை. ஒருத்தர் உள்ளே போய் அழுதுவிட்டு வெளியே வருவது, பிறகு அடுத்தவர் போவது என்று முறை வைத்துக்கொண்டார்கள். பெரியவள் உள்ளே போய் நேரமாகிவிட்டது. கடைக்குட்டி வாசலில் காத்துக்கொண்டே நின்றாள். கடைசியில் தலையை உள்ளே நீட்டி, கோபமே இல்லாமல் சொன்னாள்: “அக்கா, கொஞ்சம் எயுந்து வெளிய வா. நான் இன்னும் அம்மாவாண்ட அயுவவே இல்ல.”

தூளி

இரண்டாவது மாடியில் வேலு என்று ஒருவர். படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுகிற வேலை. என்னை எங்கே பார்த்தாலும், “நீயும் ஐஸு, நானும் ஐஸு, ஒரே தொயில்ணா” என்று சிரிப்பார். அவர் மனைவி லோகு மார்க்கெட்டில் மீன் விற்பார். ஒருநாள் வியாபாரம் முடிந்து வந்து மத்தியானம் தரையில் படுத்திருக்கிறார். மேல் கூரையிலிருந்து பாளம் பாளமாக சிமென்ட் பெயர்ந்து அவர்மேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பெட்டியைக் கீழே, நடைபாதைக் கூரைக்கு அடியில் வைத்தோம். அங்கேயும் மேலிருந்து பொடிப்பொடியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. லோகுவின் முகத்துக்கு நேரே கண்ணாடியில் மண் விழுவதைப் பார்க்கச் சகிக்காமல் சேவியர் தன் துண்டை எடுத்து விரித்தான். வேலு அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குடியிருப்பைக் கவனிக்கிற சர்க்கார் ஆபீஸிலிருந்து அதிகாரி ஒருவர் இரண்டு பேரோடு வந்தார். வண்டியிலிருந்து இறங்கியதும் மஞ்சள் ஹெல்மெட் எடுத்து மாட்டிக்கொண்டார். மேலே ஏறி அந்த அறையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தும் அதைக் கழற்றவில்லை. வேலுவைத் தனியாகக் கூப்பிட்டு, கூரைக் கொக்கியில் கனமாக ஏதாவது மாட்டினீர்களா, தூளி கீளி கட்டினீர்களா என்று விசாரித்தார். கட்டியிருந்தால் தப்பு யார்மேல் என்று அவருக்குத் தீர்ந்துவிடும். சுற்றி நின்ற ஆம்பிளைகள் ஆத்திரத்தில் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். வேலு கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. “ஆமா சார். பையன் பொறந்தான், தூளி கட்னோம். அவன் இப்போ காலேஜ் போறான் சார்.”

காலிப் பெட்டி

லோகுவை எடுத்த மறுநாள் கன்னியம்மா என் கடைக்கு வந்தார். பெட்டி வேண்டும் என்றார். யார் அக்கா என்று பதறிப்போய்க் கேட்டேன். யாரும் இல்லை, காலியாகத்தான் வேண்டும், நடுரோட்டில் வைத்து உட்காரப் போகிறோம் என்றார். போலீஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் என் பிழைப்பு அதோடு சரி. சேவியரும் வேண்டாம் மாமா என்றான். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவிதான் வெளியே வந்து வண்டிச் சாவியை என் கையில் திணித்தாள்.

கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் பெட்டியை இறக்கினோம். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்த ரோட்டில் லாரிகள் எப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கும் என்பதால், இது மறியல் என்று புரியவே நிறைய நேரம் ஆகிவிட்டது. ஒருவழியாக இன்ஸ்பெக்டர் வந்தார். பெட்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். மரியாதை தெரிந்த மனிதர். குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒன்றும் தெரியாததால் உள்ளே யாரம்மா என்று மெதுவாகக் கேட்டார். கன்னியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார்: “இப்போதிக்கு யாரும் இல்ல சார். அடுத்து யாருன்னு ஆபீஸ்ல கேட்டு நீங்கதான் சொல்லணும்.”

தகரக் கொட்டாய்

அன்று சாயங்காலமே பெரிய அதிகாரி வந்து வாக்குக் கொடுத்தார். பழையதை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டித் தருவோம், அதுவரை ரயில்வே காம்பவுண்டுச் சுவர் ஓரம் கொட்டகை போட்டுத் தருகிறோம், பொங்கலுக்குப் புது வீட்டில் பால் காய்ச்சலாம் என்றார். சனங்கள் கைதட்டினார்கள். எந்தப் பொங்கல் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கொட்டகைக்குச் சுவரும் தகரம், கூரையும் தகரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கும் ஒரு ஃபேனும் ஓடுகிற அளவுக்குத்தான் கரண்ட். அக்னி நட்சத்திரத்தில் அதற்குள் நுழைந்தால் இட்லிப் பானைக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு நாளில்தான் மீன்பாடி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஏழுமலை என்ற பெரியவர் இறந்துபோனார். பெட்டியை வைத்து ஸ்விட்சைப் போட்டதுமே அந்த வரிசை முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஃபியூஸ் போட்டார்கள், மறுபடியும் போனது. என்னிடம் இருந்த ஒரே ஜெனரேட்டர் நெட்டுக்குப்பத்தில் வேறொரு சாவு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஃபேனை அணைத்தால் பெட்டி ஓடும் என்று வேலுதான் கண்டுபிடித்தார். வரிசையில் ஒவ்வொரு கொட்டகையாக ஃபேன் நின்றது. கைக்குழந்தைக்காரிகள் உட்பட அத்தனை பேரும் வெளியே வந்து சுவர் நிழலில் நெருக்கி உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டார்கள். எனக்குக் குற்றம் செய்தவன் மாதிரி இருந்தது. உங்களுக்கெல்லாம் சிரமம் கொடுத்துவிட்டேன் என்று பொதுவாகச் சொன்னேன். பக்கத்துக் கொட்டகைக்கார அம்மாள், முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தபடி சொன்னார்: “இந்த லைன்ல மொத தபா ஒர்த்தர் ஜில்லுனு கீறாரு. வுடு, அவராச்சும் அனுபவிக்கட்டும்.”

தெற்கே ஒரு வீடு

பொங்கல் வந்தது, போனது. புதுக் கட்டடத்துக்குப் பள்ளம் மட்டும் தோண்டியிருந்தார்கள். அதில் தண்ணீர் தேங்கிக் கொசு வந்தது. ஊருக்கு வெளியே, தெற்குக் கோடியில் கட்டி வைத்திருக்கும் அடுக்கு மாடியில் இப்போதே வீடு தருகிறோம், வேண்டுமா என்று கேட்டு ஆள் வந்தது. போகாதே என்று வேலுவிடம் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மகன் அந்தக் கொட்டகைக்குள் புத்தகத்தை வைத்துக்கொண்டு படும் பாட்டை அவரால் பார்க்க முடியவில்லை. போனார். ஏழாவது மாடி. படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிற வேலை விடிவதற்கு முன்னால் தொடங்கிவிடும். அங்கிருந்து அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. அதனால் வாரம் முழுக்க இங்கேயே துறைமுகத்தில் படகு ஓரம் படுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போய்வந்தார். வீடு கிடைத்ததால் வீடில்லாமல் போன மனிதரை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் ஒரே தொழில் என்று சொல்லிச் சிரிப்பதை அவர் எப்போது நிறுத்தினார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மகன் போன் செய்தான். நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. லிஃப்ட் ஓடவில்லை, ஏறி வந்தவர்கள் இறக்குவதற்குள் முடிந்துவிட்டது. அங்கேயே பக்கத்தில் பெட்டிக்காரர்கள் இருப்பார்களே என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவனுக்கு அங்கே யாரையும் தெரியாது. போய்ச் சேர்ந்தபோது நீள நடையில் இரண்டு பக்கமும் கதவுகள் சாத்தியிருந்தன. எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து குடிவைத்தவர்கள், யாருக்கும் யாரும் பழக்கமில்லை. அப்பாவை ராயபுரத்துக்கே கொண்டுபோய்விடலாம் அங்கிள் என்றான் பையன். எந்த வீட்டுக்கு என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு ஜமுக்காளத்தில் வைத்து வேலுவை நாங்கள் மூன்று பேர் ஏழு மாடி இறக்கினோம். வழியில் கன்னியம்மாவுக்கு போன் செய்தேன். நாங்கள் வந்து சேர்வதற்குள் அவர் தன் கொட்டகையிலிருந்த சாமானையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, தரையைக் கழுவி வைத்திருந்தார். துறைமுகமே அங்கே திரண்டு வந்தது. பையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்குத் தொந்தரவு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான். கன்னியம்மா அவனைப் பேசவிடவில்லை. “இங்க பாரு, உங்கப்பனுக்கு எவ்ளோ ஜனம் வந்து கீதுன்னு. அங்கியே வச்சிருந்தா அந்த லிஃப்டு கூட வந்திருக்காது.”

ஒன்பதாவது மாடி

வேலு போய் மேலும் சில பொங்கல் கழித்து, புதுக் கட்டடத்தைத் திறந்தார்கள். வாழை மரம், சீரியல் பல்பு, மைக் செட் எல்லாம் உண்டு. யாருக்கு எந்த வீடு என்பது குலுக்கல். கன்னியம்மாவுக்கு அதற்குள் இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தது. கீழே ஏதாவது கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். குலுக்கலில் வந்தது வந்ததுதான் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பதாவது மாடி வந்தது. திறப்பு விழா அன்றைக்கு லிஃப்ட் ஏறியது, இறங்கியது. விழாவுக்கு வந்தவர்கள் போன கொஞ்ச நாளில் அதன் கதவில் ‘பழுது’ என்று ஒரு பேப்பர் ஒட்டியிருந்தார்கள். அப்புறம் மழையில் பேப்பரும் விழுந்துவிட்டது.

ஒருநாள் அந்தப் பக்கமாகக் காலி வண்டியோடு வந்தவன், மேலேயிருந்து ஒரு பிளாஸ்டிக் கூடை கயிற்றில் ஆடி ஆடி இறங்குவதைப் பார்த்தேன். தள்ளுவண்டிக்காரர் அதில் கத்தரிக்காயும் கறிவேப்பிலையும் போட்டார், கூடை மேலே போனது. அண்ணாந்து பார்த்தேன், கன்னியம்மா. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி ஏறினேன். நல்ல வீடு. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? தனிச் சமையல் அறை, உள்ளேயே கக்கூஸ், தரைக்கு டைல்ஸ். பால்கனியில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்களும் அதற்கு அப்பால் கடலும் தெரிந்தன. அவர் ஒவ்வொரு அறையாகச் சுற்றிக் காட்டினார், குழாயைத் திறந்து காட்டினார், முனுசாமியின் போட்டோவை எந்தச் சுவரில் மாட்டுவது என்று என்னிடம் யோசனை கேட்டார். கடைசியாக எப்போது கீழே வந்தீர்கள் அக்கா என்று கேட்டேன். லிஃப்ட் நின்ற நாளிலிருந்து இறங்கவில்லையாம். மார்க்கெட், மாதா கோயில் தேர், தெரிந்தவர்கள் வீட்டுச் சாவு எதற்கும் இல்லை. காபியை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, முழங்காலை நீவிக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னார்: “வூடு சோக்கா கீது நைனா, பொய் சொல்லக் கூடாது. ஆனா நான் மேல போயி நாளாச்சு. நீதான் இன்னும் பெட்டி எட்த்துகினு வரல.”

ஏழைகளுக்கு வீடு கட்டித் தருவது அரசாங்கத்தின் பொறுப்பு என்று மேடைக்கு மேடை ஒப்புக்கொள்கிறார்கள். அந்த வீட்டிலிருந்து உயிரோடு கீழே இறங்கி வருவது மட்டும் அவரவர் பொறுப்பு.